கணினிகள் கழிக்கும் வெப்பத்தால் வீடுகளைச் சூடாக்குதல்: எங்கே இயலும், எங்கே இயலாது?

ஓடன்சேவாசி எழுதியது:

டென்மார்க்கின் ஃபியூன் தீவிலுள்ள ஓடன்சே நகரில் பெரும்பாலான வீடுகளுக்குத் தனிக் கொதிகலன் கிடையாது. நகருக்கு வெளியே சூடாக்கப்படும் நீர், தெருவடியில் புதைத்த காப்பிட்ட குழாய்களின் வழியே வீடுதோறும் வந்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குளியல் நீருக்கும் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நிலையத்திற்கே திரும்புகிறது. 2019இல் ஃபேஸ்புக் நிறுவனம் (இப்போதைய மெட்டா) இந்நகரின் ஓரத்தில் ஒரு தரவு மையத்தை, அதாவது சர்வர்கள் எனப்படும் கணினிகள் இரவும் பகலும் ஓடும் கட்டடத்தை, திறந்தது. அதன் சர்வர்கள் வெளியேற்றும் சூடான காற்றை நீர்க்குழாய்ச் சுருள்களின் மீது செலுத்தி, அந்நீரை வெப்பப் பம்புகளால் (மின்சாரத்தைக் கொண்டு வெப்பத்தை உயர்ந்த சூட்டுக்கு ஏற்றும் கருவிகள்) மேலும் சூடாக்கி, ஃபியெர்ன்வார்ம ஃபியூன் என்ற நகர வெப்ப நிறுவனம் எங்கள் குழாய்களில் சேர்க்கிறது. தொடக்கத்தில் அறிவித்த அளவு ஆண்டுக்கு 1,00,000 மெகாவாட் மணி, ஏறத்தாழ 6,900 வீடுகளுக்கானது.

இதைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகின்றன. நான் அறிய விரும்புவது வேறு. ஓடன்சேயில் நடப்பது மற்ற நகரங்களிலும் நடக்க முடியுமா, அல்லது இங்கே மட்டும் பொருந்திவந்த சில சூழல்களின் விளைவா? வீட்டிலேயே ஒரு சர்வரை வைத்து அறையைச் சூடாக்கலாம் என்று சொல்லும் நிறுவனங்களை எவ்வாறு மதிப்பிடுவது? இத்துறையில் பணியாற்றுவோர் விளக்கமாக எழுதினால் பலருக்கும் பயன்படும்.

நீராவி எழுதியது:

கட்டடங்களின் வெப்ப அமைப்புகளை வடிவமைப்பது என் தொழில் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

கணினிக்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் கணிப்பில் (கணினி செய்யும் வேலையில்) செலவானாலும் சாதாரண மின்சூடேற்றியில் செலவானாலும் அறைக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றுதான், அதாவது சுமார் 860 கிலோகலோரி. எனவே வெப்பத்தின் அளவில் குறை ஏதும் இல்லை. குறை முழுவதும் அதன் தரத்தில் இருக்கிறது. காற்றால் குளிரூட்டப்படும் சர்வர் அறையிலிருந்து கிடைப்பது 30 முதல் 40 டிகிரி வரையிலான காற்று மட்டுமே. பழைய நகர வெப்பக் குழாய்களுக்கோ 70 டிகிரிக்கும் மேற்பட்ட நீர் வேண்டும். கடுங்குளிர் நாட்களில் 100 டிகிரியை நெருங்கும் நீரும் தேவைப்படுகிறது. குளியல் நீரையும், நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளராதபடி போதிய சூட்டில் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய அளவில் கிடைத்தாலும் 30 டிகிரி வெப்பம் தானாக 70 டிகிரி நீருக்குள் செல்லாது.

இடைவெளியை நிரப்புவது வெப்பப் பம்பு. அது உண்ணும் மின்சாரம், எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும் என்பதைப் பொறுத்தது. சர்வர் அறைக் காற்றால் சூடாகும் நீர் 27 டிகிரியில் கிடைப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து 70 டிகிரிக்கு ஏற்றுவதற்குக் கோட்பாட்டு உச்சம் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு 8 யூனிட் வெப்பம். நடைமுறையில் அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 4 யூனிட் எதிர்பார்க்கலாம். சர்வர் வெப்பம் இல்லாமல் 0 டிகிரி வெளிக்காற்றிலிருந்தே அதே 70 டிகிரிக்கு ஏற்றினால் உச்சம் 4.9, நடைமுறையில் 2.4 அளவுதான். சர்வர் அறை நமக்குத் தரும் உண்மையான ஆதாயம் இந்த வேறுபாடுதான். இது நல்ல ஆதாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "இலவச வெப்பம்" என்று எழுதுவது தவறு, ஏனெனில் வெப்பப் பம்பின் மின்சாரத்திற்கும் குழாய்க்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

தொலைவைப் பற்றியும் ஒரு கணக்கு. நீர் 30 டிகிரி இறங்கித் திரும்புமானால் ஒரு மெகாவாட் வெப்பத்தைக் கொண்டுசெல்ல நொடிக்கு 8 லிட்டர் போதும். 10 டிகிரி மட்டுமே இறங்குமானால் 24 லிட்டர் வேண்டும். ஆகவே மிதமான சூட்டிலேயே நீரை நெடுந்தொலைவு அனுப்ப நினைத்தால் குழாய் பருக்கிறது, பம்பின் செலவும் ஏறுகிறது. தரவு மையம் ஊருக்கு மிக விலகி அமைந்துவிட்டால், அதன் வெப்பம் எவ்வளவு பெரிதானாலும் வீடுகளுக்குப் பயன்படாது.

செங்கொன்றை எழுதியது:

பாரிஸில் வசிப்பதால், வீட்டுக்குள்ளேயே சர்வர் வைக்கும் முறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். 2010இல் இங்கே தொடங்கப்பட்ட கார்னோ என்ற நிறுவனம் க்யூ.ராட் என்னும் சுவர்ச் சூடேற்றியை உருவாக்கியது. பார்வைக்கு அது ரேடியேட்டர்தான். உள்ளே மின்கம்பிச் சுருளுக்குப் பதிலாகக் கணினிச் சில்லுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 500 வாட் திறனுள்ள இச்சூடேற்றியில் வங்கிகளின் இடர்க் கணிப்புகளும் அசைபடங்களின் உருவாக்கமும் இணையம் வழியே நடைபெற்றன. சத்தம் எழாதபடி காற்றாடி இல்லாமலே வடிவமைத்திருக்கிறார்கள். பாரிஸின் சமூகக் குடியிருப்பு ஒன்றில் இவற்றைப் பொருத்தினார்கள். மின்செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

நெதர்லாந்தில் நெர்டலைஸ் நிறுவனமும் எனெக்கோ என்ற மின் நிறுவனமும் சேர்ந்து 2015இல் 5 வீடுகளில் இதே போன்ற சோதனையைத் தொடங்கின. பிறகு நெர்டலைஸ் குளியல் நீரைச் சூடாக்கும் சர்வர்களை நோக்கித் திரும்பியது, 2018இல் திவாலாகிவிட்டது. அதற்கும் முன்பே, 2011இல், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தையும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், தரவு மையத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி வீட்டுக் கொதிகலனின் இடத்தில் வைக்கலாம் என்று ஓர் ஆய்வுக்கட்டுரையில் முன்மொழிந்திருந்தனர். எனவே கருத்து புதியதன்று. இவ்வளவு காலமாகியும் இது ஏன் பரவவில்லை என்பதே எனக்குள்ள கேள்வி.

பொருநை எழுதியது:

செங்கொன்றை அவர்களின் கேள்வியோடு என் கேள்வியையும் இணைக்கிறேன். நான் முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் பணியில் இருக்கிறேன். என் கணினி முழு வேலையில் இருக்கும்போது 500 வாட் வரை எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் அந்த அறைக்கு வேறு சூடேற்றி தேவைப்படுவதில்லை. இதையே சற்றுப் பெரிதாக்கி, பழைய சர்வர்கள் சிலவற்றை வாங்கி வீடு முழுவதையும் சூடாக்குவதில் பொருள் உண்டா?

நீராவி எழுதியது:

பொருநை அவர்களே, உங்கள் பணிக்காகக் கணினி எப்படியும் ஓட வேண்டியிருக்கிறது. அந்த வெப்பம் அறையில் தங்குவது முழு ஆதாயம். அதை வெளியே விடாமல் இருப்பதே சரி. ஆனால் வெப்பத்திற்காகவே கணினியை ஓட்டத் தொடங்கும் கணத்தில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சர்வர் ஒரு யூனிட் வெப்பத்தையே தரும். அதே மின்சாரத்தை வீட்டு வெப்பப் பம்பு ஒன்றுக்குக் கொடுத்தால் மிதமான குளிரில் மூன்று யூனிட் வரை கிடைக்கும். ஆகவே பழைய சர்வர்களை வாங்கி வெறுமனே ஓட விடுவது, சந்தையில் கிடைக்கும் மிக எளிய மின்சூடேற்றியை அதிக விலைக்கும் அதிகச் சத்தத்திற்கும் வாங்குவதற்குச் சமம். கணிப்புக்கு விலை கொடுக்க ஒருவர் இருந்தால்தான் இது கட்டுப்படியாகும்.

செங்கொன்றை அவர்களின் கேள்விக்கும் விடை இங்கிருந்தே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். வீடு கேட்கும் நேரமும் கணிப்பு கேட்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. சூலையில் பாரிஸ் வீட்டுக்கு வெப்பம் வேண்டாம்; வாடிக்கையாளருக்கோ கணிப்பு வேண்டும். அப்போது வேலையை வேறிடத்திற்கு மாற்ற வேண்டும், அல்லது வெப்பத்தை வெளியே கொட்ட வேண்டும். இரண்டிலும் முதலீடு செய்த சில்லுகளின் ஒரு பகுதி சும்மா கிடக்கிறது அல்லது வெப்பம் வீணாகிறது. விலையுயர்ந்த சில்லு ஆண்டு முழுவதும் உழைத்தால்தான் அதன் விலை திரும்பும். சூடேற்றியோ ஆண்டில் பாதி நாட்கள்தான் உழைக்கும். அதோடு, ஒவ்வொரு வீட்டிலும் பழுதுபார்க்க ஆள் அனுப்ப வேண்டும். தரவின் பாதுகாப்பைப் பற்றி வாடிக்கையாளர் கேட்கும்போது, முன்பின் அறியாத ஒருவரின் வரவேற்பறைச் சுவரில் அது இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இதனால்தான் வீட்டை விட நீச்சல் குளம் பொருத்தமான இடமாகிறது. இங்கிலாந்தின் எக்ஸ்மவுத் நகரில் டீப் கிரீன் நிறுவனம் 2023இல் சலவை இயந்திரத்தின் அளவே உள்ள சிறு தரவு மையத்தை நகர நீச்சல் குள வளாகத்தில் அமைத்தது. கனிம எண்ணெயில் மூழ்கிய கணினிகளின் வெப்பம், ஏறத்தாழ 60 விழுக்காட்டு நேரம் குளத்தை 30 டிகிரியில் வைத்திருக்கப் போதும் என்று அறிவித்தார்கள். குளத்திற்குத் தேவைப்படும் சூடு குறைவு, தேவை கோடையிலும் தொடர்கிறது, குழாய் சில மீட்டர்தான். மூன்றும் ஒருங்கே அமைவது வீடுகளில் அரிது.

பனிக்காடு எழுதியது:

ஃபின்லாந்திலிருந்து எழுதுகிறேன். இந்நாட்டில் ஏறத்தாழ மக்கள்தொகையில் பாதிப்பேர் நகர வெப்பக் குழாயோடு இணைந்த வீடுகளில் வாழ்கிறார்கள். ஓடன்சேவாசி அவர்கள் கேட்ட "பொருந்திவந்த சூழல்" என்பதில் முதலாவது இதுவே என்று கருதுகிறேன். குழாய் ஏற்கெனவே இருக்கும் ஊரில் தரவு மையம் மற்றுமொரு கொதிகலனாகச் சேர்ந்துகொள்கிறது. குழாயே இல்லாத ஊரில் ஒவ்வொரு தெருவையும் தோண்டியாக வேண்டும்.

ஹெல்சின்கியில் உஸ்பென்ஸ்கி பேராலயத்தின் அடியிலுள்ள பாறைக் குகையில், போர்க்காலப் பதுங்கிடமாக இருந்த இடத்தில், 2010ஆம் ஆண்டையொட்டி ஒரு தரவு மையம் அமைந்து நகரக் குழாய்க்கு வெப்பம் கொடுக்கத் தொடங்கியது. தலைநகருக்கு வடக்கே மேன்ட்சாலா என்ற சிற்றூரில் ரஷ்யாவின் யான்டெக்ஸ் நிறுவனம் கட்டிய மையம் (இப்போது நெபியஸ் என்ற பெயரில் இயங்குகிறது) 2015 முதல் ஊரின் வெப்பத் தேவையில் பாதியளவை ஈடுசெய்து, அதுவரை எரித்துவந்த இயற்கை எரிவாயுவைக் குறைத்தது. கயானி நகரில், மூடப்பட்ட காகித ஆலையின் வளாகத்தில் நிறுவிய லூமி மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) அந்நகரின் வெப்பத்தில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தரும்படி திட்டமிடப்பட்டது. லூமியின் சில்லுகளை நேரடியாக நீர் குளிரூட்டுகிறது. ஆகவே காற்றுக் குளிரூட்டலில் கிடைப்பதை விடச் சூடான நீர் கிடைத்து, வெப்பப் பம்பின் சுமை குறைகிறது.

எல்லாவற்றிலும் பெரியது, 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்டும் ஃபின்லாந்தின் ஆற்றல் நிறுவனமான ஃபோர்டமும் அறிவித்த திட்டம். எஸ்போ, கவுனியாய்னென், கிர்க்கொனும்மி ஆகிய ஊர்களை இணைக்கும் 900 கிலோமீட்டர் நீளக் குழாய்வலையில் உள்ள ஏறத்தாழ 2,50,000 பேரின் வெப்பத்தில் 40 விழுக்காட்டைப் புதிய தரவு மையங்களிலிருந்து எடுப்பது அதன் நோக்கம். இங்கே நான் வலியுறுத்த விரும்புவது வரிசை முறையை. பிற நாடுகளில் பெரும்பாலும் மையத்தைக் கட்டிவிட்டு வெப்பத்தை என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். இங்கே வெப்பத்தைக் கொடுக்க வசதியான இடம் எது என்பதும் சேர்த்தே மனை தேர்ந்தெடுக்கப்பட்டது.

கீழைக்காற்று எழுதியது:

நான் டப்ளினில் வாழ்கிறேன். அயர்லாந்து முழுவதும் அளந்து பயன்படுத்தப்பட்ட மின்சாரத்தில் 2023இல் 21 விழுக்காடு தரவு மையங்களுக்கே சென்றது. நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து எடுத்ததை விட இது மிகுதி. இந்நிலையில், ஒரு நிறுவனம் சில நூறு வீடுகளுக்கு வெப்பம் தருவதாக அறிவிக்கும்போது, அந்த மையத்துக்கென எழுந்த புதிய மின்தேவையைப் பற்றி எவரும் பேசாமல் போவதை நான் கவலையோடு பார்க்கிறேன். வெப்பத்தை மீட்பது நல்லது. அது புதிய மையங்களுக்கு ஒப்புதல் பெறுவதற்கான நற்சான்றாக மாறிவிடக் கூடாது.

இரண்டாவது கவலை சார்புநிலை. பனிக்காடு அவர்கள் மேன்ட்சாலாவைக் குறிப்பிட்டார். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பின் அந்த ரஷ்ய நிறுவனத்தின் மையத்துக்கான மின்வழங்கல் நின்று, அது டீசல் மின்னாக்கிகளால் இயங்க நேர்ந்தது. தன் வெப்பத்தில் பாதியை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்த ஊருக்கு இது எத்தகைய நிலை என்பதை எண்ணிப் பாருங்கள். குழாய்கள் அரை நூற்றாண்டு நிற்பவை. சர்வர்கள் சில ஆண்டுகளில் மாற்றப்படுபவை. நிறுவனங்களோ அதற்கும் முன்பே இடம் மாறக் கூடியவை.

இவ்வளவு சொன்ன பிறகும், எங்கள் ஊரின் டாலா பகுதியில் நடந்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அமேசான் தரவு மையம் விலையின்றித் தரும் வெப்பத்தைப் பெற்று, வெப்பப் பம்பால் உயர்த்தி, 2023 முதல் மாநகராட்சிக் கட்டடங்களுக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்திற்கும் கொடுக்கிறார்கள். குழாயும் வெப்பப் பம்பும் தெற்கு டப்ளின் மாவட்ட மன்றத்திற்குச் சொந்தமான, இலாப நோக்கற்ற நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. தரவு மையம் நாளை மூடினாலும் குழாய் மக்களிடமே இருக்கும். வேறொரு வெப்ப மூலத்தை அதில் இணைத்துக்கொள்ளலாம்.

ஓடன்சேவாசி எழுதியது:

கீழைக்காற்று அவர்கள் சொத்துரிமையைப் பற்றிச் சொன்னது ஓடன்சேக்கும் பொருந்துகிறது. எங்கள் வெப்ப நிறுவனமும் பெரும்பான்மையாக நகராட்சிக்குரியதே, மற்ற வெப்ப மூலங்களையும் அது கைவிடவில்லை. இன்னொரு தடையைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை: வரி. டென்மார்க்கில் பல ஆண்டுகளாக, தொழிற்சாலையின் உபரி வெப்பத்தை விற்றால் அதற்கும் வரி, அதை உயர்த்தும் வெப்பப் பம்பின் மின்சாரத்திற்கும் வரி. வெப்பத்தை வானத்தில் விட்டால் எந்த வரியும் இல்லை. 2021 சனவரியில் வெப்பமூட்டலுக்கான மின்வரி யூனிட்டுக்கு 15.5 ஓரேயிலிருந்து (டேனிஷ் குரோனின் நூறில் ஒரு பங்கு ஓர் ஓரே) 0.4 ஓரேயாகக் குறைக்கப்பட்ட பிறகுதான் பெரிய வெப்பப் பம்புகள் பல ஊர்களில் கணக்குக்கு ஒத்துவந்தன. எனவே நீராவி அவர்கள் தந்த இயற்பியல் கணக்கோடு வரிக்கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலையை எவ்வாறு வைப்பது என்பதில் ஸ்டாக்ஹோம் எனக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகத் தோன்றுகிறது. அங்கே 2014 முதல், எவர் வேண்டுமானாலும் தம் உபரி வெப்பத்தை நகரக் குழாய்க்கு விற்கலாம். வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு ஏற்ப விலை மாறும். குளிர் மிகும் நாளில் நல்ல விலை, கோடையில் மிகக் குறைந்த விலை. வெப்பத்திற்கு உண்மையில் எப்போது மதிப்பு உண்டோ அப்போதே பணம் கிடைப்பதால், விற்பவரும் அதற்கேற்பத் தம் குளிரூட்டலை இயக்கப் பழகுகிறார்.

நெய்தல் எழுதியது:

சென்னையிலிருந்து தொடர்ந்து வாசித்துவருகிறேன். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் தரவு மையங்கள் பெருகிவருகின்றன. இங்கே வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை என்பது வெளிப்படை. அவ்வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சியை உண்டாக்க முடியும் என்று படித்தேன். அது நடைமுறையில் உள்ளதா?

நீராவி எழுதியது:

நடைமுறையில் உள்ளது, ஆனால் நிபந்தனையோடு. மியூனிக் அருகே கார்ஹிங்கிலுள்ள லைப்னிட்ஸ் மீக்கணினி மையத்தில் சில்லுகளைச் சூடான நீராலேயே குளிரூட்டி, வெளிவரும் நீரைப் பரப்புக்கவர்ச்சிக் குளிரூட்டிகளுக்கு (வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சியை உண்டாக்கும் கருவிகள்) கொடுத்து, மையத்தின் பிற கருவிகளுக்கான குளிர்நீரை உருவாக்குகிறார்கள். அதற்கு 50 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ள நீர் வேண்டும். காற்றால் குளிரூட்டப்படும் மையத்தில் அது கிடைக்காது. சில்லு அந்தச் சூட்டைத் தாங்குமா என்ற ஐயத்தை ஐபிஎம்மும் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2010இல் அமைத்த அக்வாசார் கணினி தீர்த்துவைத்தது: அதற்குள் செலுத்திய குளிரூட்டு நீரே 60 டிகிரி வரை இருந்தது, வெளிவந்த வெப்பம் பல்கலைக்கழகக் கட்டடத்தைச் சூடாக்கியது. சென்னையைப் பொறுத்தவரை, வீடுகளை விட, வெந்நீர் ஆண்டு முழுவதும் தேவைப்படும் சலவை நிலையம், பால் பதப்படுத்தும் ஆலை போன்றவை பக்கத்து மனையில் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். இந்த இழையின் பொருள் வீட்டு வெப்பம் என்பதால் இதோடு நிறுத்துகிறேன். விரும்பினால் தனி இழை தொடங்குங்கள், அங்கே கணக்கோடு எழுதுகிறேன்.

செங்கொன்றை எழுதியது:

சட்டம் எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆற்றல் திறன் சட்டத்தின்படி, 2026 சூலை முதல் இயங்கத் தொடங்கும் தரவு மையங்கள் தாம் பயன்படுத்தும் ஆற்றலில் 10 விழுக்காட்டையாவது மறுபயன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். 2027 சூலை முதல் தொடங்குபவை 15, 2028 சூலை முதல் தொடங்குபவை 20 விழுக்காடு. வாங்கிக்கொள்ள அருகில் குழாய்வலை இல்லையென்றால் விலக்கு உண்டு. இந்த விலக்கைத்தான் நான் அஞ்சுகிறேன். கடமை முழுவதும் விற்பவர் மீது இருக்கிறது. வாங்க வேண்டிய குழாயை இடுவது யாருடைய கடமை என்பது தெளிவாக இல்லாதவரை, வெப்பக் குழாய்க்கு வெகு தொலைவில் மனை வாங்குவதே எளிய வழியாகிவிடும்.

பனிக்காடு எழுதியது:

செங்கொன்றை அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். வாங்கும் தரப்பில், குழாயோடு வீட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். வீட்டு ரேடியேட்டர்கள் 70 டிகிரி நீருக்கென அமைந்திருக்கும்வரை வெப்பப் பம்பு அந்த உயரம் வரை ஏற்றியே ஆக வேண்டும். அதே வீடு நன்கு காப்பிடப்பட்டு, 55 டிகிரி நீரே போதும் என்றாகிவிட்டால், நீராவி அவர்கள் கொடுத்த அதே கணக்கு முறையின்படி 27 டிகிரியிலிருந்து ஏற்றும் கோட்பாட்டு உச்சம் 8இலிருந்து 11.7க்கு உயர்கிறது. தரவு மையத்தில் எதையும் மாற்றாமலே கிடைக்கும் ஆதாயம் இது.

ஓடன்சேவாசி எழுதியது:

இதையே எங்கள் ஊரிலும் வேறொரு முனையிலிருந்து செய்கிறார்கள். டென்மார்க்கில் பல வெப்ப நிறுவனங்கள், வீட்டிலிருந்து திரும்பும் நீர் எவ்வளவு ஆறியிருக்கிறதோ அதற்கேற்பக் கட்டணத்தில் தள்ளுபடி தருகின்றன. சூடாகவே திருப்பி அனுப்புபவரிடம் கூடுதலாக வாங்குகின்றன. அடுக்ககங்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம், முதல் மாடி ரேடியேட்டர்களில் நீர் மிகுதியாகவும் மேல் மாடிகளில் குறைவாகவும் ஓடுவதுதான். வால்வுகளைச் சமன்செய்தாலே திரும்பும் நீர் ஆறிவிடும், வழங்கும் நீரின் சூட்டையும் படிப்படியாகக் குறைக்கலாம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த வேலையை முன்மொழியப் போகிறேன். பழைய அடுக்ககத்தில் இதைச் செய்து முடித்தவர்கள் யாரேனும் இருந்தால், எந்த வகை வால்வைப் பொருத்தினீர்கள், திரும்பும் நீரின் வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்பதை எழுதுங்கள். கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.